திருமயிலை மாடவீதிகளும் திருக்குளமும்

தொண்டை நாட்டுக் கடற்கரைப் பதிகளுள் தொன்மை மிக்கது திருமயிலை. உமையம்மை மயில் உருக்கொண்டு புன்னை மரத்தடியில் இறைவனைப் பூசித்தமையால் மயிலை எனப் பெயர் பெற்றது என்று தலபுராணம் கூறும். தாலமி என்னும் நிலநூல் அறிஞர் கிரேக்க மொழியில் எழுதிவைத்த குறிப்பில் வரும் மல்லியார்பா என்னும் பட்டினம் இம்மயிலையே என்பர் ஆய்வாளர். இன்று அது சென்னைப் பெருநகரின் நடுவில் அமைந்த ஒரு பேட்டை.

அருள்மிகு கபாலீசுவரரையும் கற்பகாம்பாளையும் வழிபட்டு வெளிவரும் சேவார்த்திகள் பலர், கோபுர வாயிலோடு திருத்தலம் முடிந்தது எனக் கருதி வாகனம் ஏறிவிடுகின்றனர். அது பெரும் இழப்பாகும். மயிலைத் திருக்கோயிலின் பாதி மதிலுக்கு உள்ளே இருக்கின்றது. மற்றைப் பாதி, மேற்கே உள்ள திருக்குளத்திலும் சுற்றியுள்ள மாடவீதிகளிலும் இருக்கின்றது. நகரம் கூடி மகிழும் மன்றம் அதுவே. அதற்குக் கதவு இல்லை, கட்டணம் இல்லை, இன்னார் வரலாம், இன்னார் வரலாகாது என்னும் வரையறையும் இல்லை.

மாடவீதி என்னும் சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. மாடு கட்டும் வீதி என இளைஞர் சிலர் நகையாடுவதுண்டு. மாடம் என்பது அடுக்கிய வீடு. மாட மாளிகை என்னும் தொடரில் உள்ளது அதுவே. மாடங்கள் நிரல்பட நின்ற வீதி மாடவீதி. மாடு என்னும் சொல்லுக்குப் பக்கம் என்றும் பழந்தமிழில் பொருள் உண்டு. அவ்வாறு கொண்டு, கோயிலின் நாற்பக்கத்து வீதி என்று உரைத்தாலும் குற்றம் இல்லை.

இவ்வூரின் கூட்டங்களுக்குப் பழைய சான்று திருஞானசம்பந்தர் அருளிய பூம்பாவைத் திருப்பதிகம். மயிலையில் வாழ்ந்த வணிகர் சிவநேசர், தம் மகள் பூம்பாவையைச் சம்பந்தருக்கே உரியவள் என்று கருதி வளர்த்தார். மலர் பறிக்கச் சென்ற அவள் அரவு தீண்டி மாண்டாள். ஈமக்கடன் முடித்து, எலும்பையும் சாம்பலையும் குடத்தில் இட்டுக் காத்திருந்தார் தந்தை. திருவொற்றியூரில் இருந்து சம்பந்தர் மயிலைக்கு எழுந்தருளினார். குடத்தைத் திருமுன் கொணரச் செய்து பதிகம் பாடினார். பூம்பாவை உயிர் பெற்று எழுந்தாள். சேக்கிழார் பெருமான் இதனைப் பெரியபுராணத்தில் விரித்துரைத்துள்ளார்.

கதை யாவரும் அறிந்ததே. பதிகத்தின் அமைப்பை ஊன்றிப் பார்ப்பவர் சிலரே. இறந்த பெண் ஒருத்தியை மீண்டும் இவ்வுலகுக்கு அழைக்க வேண்டும். அவளுக்கு எதனைக் காட்டி அழைப்பது? தந்தையின் பெருஞ்செல்வத்தைச் சம்பந்தர் காட்டவில்லை. வீட்டின் வளத்தைக் காட்டவில்லை. ஊரின் விழாக்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, இவற்றைக் காணாமல் போய்விடுவாயோ என்று பாட்டுக்குப் பாட்டு வினவுகிறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், அட்டமி, பொன்னூசல், பெருஞ்சாந்தி என்று அவ்வரிசை செல்லும். இவை அனைத்துக்கும் முன்னே முதற்பாட்டில் அவர் வைத்தது அடியார் கூட்டத்துக்கு அமுது படைக்கும் காட்சி. உயிர் திரும்பி வருவதற்குத் தக்க காரணம் என்று சம்பந்தர் கண்டது, ஊரார் ஒன்றுகூடி உண்ணும் நாளையும் விளக்கேற்றும் நாளையுமே.

சம்பந்தர் கண்ட கோயில் கடலலை அருகே விளங்கியது. 15ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதரும் கடலை அடுத்த மயிலையையே பாடியுள்ளார். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் சாந்தோமில் குடியேறியபின் அக்கோயில் அழிவுற்றது என்றும், இன்று நாம் வழிபடும் கோயில் அதன்பின் சற்று உட்புறமாக எழுப்பப்பட்டது என்றும் வரலாற்று அறிஞர் உரைப்பர். பழைய கோயிலின் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் பகுதியில் கிடைத்தமை இதற்குச் சான்று. வானளாவ நிற்கும் கிழக்கு இராசகோபுரமோ 1906ஆம் ஆண்டில் அமைந்தது. ஏழு நிலைகளும் ஏறத்தாழ 120 அடி உயரமும் உடையது. ஆகவே மயிலையில் கல்லும் சுதையும் இடம் மாறின. மாறாமல் வந்தவை நாட்கள். சம்பந்தர் குறித்தவற்றுள் கார்த்திகையும் ஆதிரையும் பூசமும் கடலாட்டும் பங்குனிப் பெருவிழாவும் இன்றும் இவ்வூரின் பெருநாட்களாகவே திகழ்கின்றன. கட்டடத்தை இழந்த ஊர் தன் நாட்காட்டியை இழக்கவில்லை. அந்நாட்காட்டியை ஆதாரமாகக் கொண்டு கட்டடத்தை மீண்டும் எழுப்பிக்கொண்டது.

பங்குனிப் பெருவிழா பத்து நாள் நடைபெறும். ஊர்த் தெய்வமாகிய கோலவிழி அம்மனுக்குப் பூசை செய்த பின்னரே கொடியேற்றம். மூன்றாம் நாள் விடியலில் அதிகார நந்தி. ஐந்தாம் நாள் இரவு வெள்விடை. ஏழாம் நாள் தேர். ஊர் கூடித் தேர் இழுத்தல் என்னும் பழமொழியின் பொருளை அன்று கண்ணால் காணலாம். வடத்தைப் பற்றிய கைகளில் எது அலுவலர் கை, எது கூலியாள் கை என்று யாரும் ஆராய்வதில்லை. தேர் திரும்பும் வீதி முனைகளில் முட்டுக்கட்டை இடுவோரின் திறமே திறம். ஓர் ஆள் தவறினும் பெருந்தேர் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்; ஆதலின் அவர்களுடைய குரலுக்கு ஊரே கட்டுப்பட்டு நிற்கும். தேர் வரும் வேளையில் மின்னோட்டம் நிறுத்தப்படும். குறுக்கே செல்லும் கம்பிகள் அகற்றப்படும். இவ்வீதிகள் இந்நெருக்கடியிலும் ஓரளவு அகலம் குன்றாமல் இருப்பதற்குத் தேரும் ஒரு காரணம் எனலாம். ஆண்டுக்கு ஒருமுறை தேர் செல்லவேண்டிய வழியை யாராலும் முற்றிலும் அடைத்துவிட இயலாது அல்லவா!

எட்டாம் நாள் காலையில் திருக்குளக்கரையில் பூம்பாவை உயிர்த்தெழும் ஐதிகம் நிகழும். பிற்பகலில் அறுபத்துமூவர் உலா. நாயன்மார் அறுபத்துமூவரும் பல்லக்குகளில் எழுந்தருள, வெள்ளி விமானத்தில் கபாலீசுவரர் வருவார். நாயன்மாருள் ஒருவராகிய வாயிலார் இம்மயிலையில் பிறந்தவர் என்பதால், இவ்வூரார்க்கு அவர் திருமேனி வரும்போது தம் இல்லத்தவரையே காண்பது போன்ற பரிவு உண்டாகும். முண்டகக்கண்ணி அம்மன், கோலவிழி அம்மன் முதலிய அயற்கோயில் தெய்வங்களும் உலாவில் கலந்துகொள்ளும். பேட்டைக்கொரு தெய்வம், தெருவுக்கொரு சன்னிதி என்று பிரிந்திருக்கும் நகரம் அன்று ஒரே வீதியில் ஒருவரையொருவர் கண்டுகொள்கிறது.

அன்று வீதியெங்கும் நீர்மோரும் பானகமும் வழங்குவர். புளியோதரையும் சுண்டலும் தொன்னையில் தருவர். வழங்குபவர் பெரும்பாலும் தத்தம் வீட்டு வாயிலில் நின்று வழங்கும் எளிய குடும்பத்தினர், பெயர்ப்பலகை வைத்துக்கொள்ளாதவர். சம்பந்தர் முதற்பாட்டில் வைத்த அமுதூட்டல் இதுவே என்று அவர்கள் எண்ணிச் செய்கிறார்களோ இல்லையோ, செய்கை அதுவாகவே இருக்கின்றது. இதில் வருந்தத்தக்கது ஒன்றும் உண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் நாள் தொட்டுத் தடை செய்தது. பாக்கு மட்டையும் வாழையிலைத் தொன்னையும் இருக்க, நெகிழிக் குவளையில் பானகம் தருவதால் புண்ணியம் கூடப்போவதில்லை. உலா சென்ற வீதியை நள்ளிரவில் பெருக்கி அள்ளும் மாநகராட்சித் தொழிலாளரையும் அடியார் திருக்கூட்டத்துள் வைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2020ஆம் ஆண்டுப் பங்குனியில் பெருந்தொற்றின் பொருட்டு ஊரடங்கு நிலவியது. திருக்கோயில்களில் பொதுமக்களுக்கு வழிபாடு இல்லை. அடியார் கூட்டம் நிறைந்திருக்க வேண்டிய நாட்களில் மாடவீதிகள் வெறிச்சோடிக் கிடந்தன. கடைகள் அடைப்பு, குளக்கரையில் ஆள் இல்லை. கோபுரம் இருந்த இடத்திலேயே இருந்தது, குளமும் இருந்தது, ஆயினும் மயிலை அங்கு இல்லை என்றே முதியோர் உணர்ந்தனர். தடைகள் நீங்கியபின் மக்கள் திரண்டு வந்ததற்குப் பக்தி ஒரு காரணம். ஒருவரையொருவர் காணாதிருந்த ஏக்கம் மற்றொரு காரணம்.

விழா இல்லாத நாளிலும் இவ்வீதிகள் ஓய்வதில்லை. தெற்கு மாடவீதியில் காய்கறி. சன்னிதித் தெருவில் பூவும் பூசைப் பொருளும் நூல்களும். ஆவணியில் களிமண் பிள்ளையாரும் வண்ணக் குடையும். புரட்டாசியில் வடக்கு மாடவீதியின் நடைபாதை நெடுகக் கொலுப் பொம்மைகள். காஞ்சிபுரம், பண்ணுருட்டி முதலிய ஊர்களில் வனைந்து வண்ணம் தீட்டிய பொம்மைகளைக் கூடைகளில் வைக்கோல் இட்டுக் கொண்டுவந்து பரப்புவர். பொம்மை வாங்கும் பொருட்டு வருபவரினும் பார்க்கும் பொருட்டு வருபவரே மிகுதி. விற்பவர் அதற்காக முகம் சுளிப்பதும் இல்லை. இவ்வகை வணிகரைப் போக்குவரத்துக்கு இடையூறு என்று மட்டும் கருதுவோர் உளர். 2014ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய தெருவோர வணிகர் சட்டம், வாங்குவோரும் விற்போரும் வழிவழியாகக் கூடிவரும் இடத்தை இயற்கைச் சந்தை என்று வகுத்து, அதற்கு மதிப்பளிக்கிறது. நடைபாதை நடப்பவர்க்கும் வேண்டும். கூடை வைப்பவர்க்கும் வேண்டும். அளந்து பகிர்ந்தால் இருவர்க்கும் இடம் உண்டு. ஒழுங்கு செய்வதற்கும் அகற்றுவதற்கும் வேறுபாடு தெரியாத இடத்தில்தான் வீதி தன் உயிரை இழக்கும்.

மாடவீதியில் கூடியவர்கள் நாளடைவில் அருகே வேறு மன்றங்களையும் உண்டாக்கினர். வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் 1906ஆம் ஆண்டில் வடமொழிக் கல்லூரியை நிறுவினார். இலஸ் பகுதியில் இரானடே நூலகம் அமைவதற்கும் முன்நின்றார். பாரதியாரின் நாட்டுப் பாடல்களை அச்சிட்டு வழங்கத் துணைபுரிந்தவரும் அவரே. அரசியலில் இருவரும் வெவ்வேறு அணியினர் என்பதை நினைந்தால் அவ்வுதவியின் அருமை புலப்படும். 1897இல் சென்னைக்கு வந்து தொண்டு தொடங்கிய சுவாமி இராமகிருஷ்ணானந்தரின் மடம் பின்னர் மயிலையில் நிலைபெற்றது. இலஸ் என்னும் பெயரோ போர்ச்சுகீசிய மொழியில் ஒளி எனப் பொருள்படும். அங்கே 1516ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒளிமாதா ஆலயம் உள்ளது. காட்டின் நடுவே இருந்தமையால் காட்டுக்கோயில் என்றே தமிழ் மக்கள் அதனை அழைத்து வந்தனர். அதற்கு அண்மையில் உள்ள நாகேசுவரராவ் பூங்கா, முன்பு குட்டையாகக் கிடந்த நிலம். ஆந்திர பத்திரிகையை நிறுவிய காசிநாதுனி நாகேசுவரராவ் பந்துலு பெயரால் அமைந்த அப்பூங்காவில் காலையில் முதியோர் நடப்பர். சிறுவர் ஒலிபெருக்கி இன்றிக் கச்சேரி பாடுவதும் உண்டு. ஒலிபெருக்கி இல்லாத பாட்டைக் கேட்கும்போதுதான் அருகில் சென்று அமரவேண்டும் என்னும் எண்ணமே உண்டாகிறது.

இசையைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் ஏடு போதாது. இரசிக ரஞ்சனி சபை 1929இல் மயிலையில் தோன்றியது. 1927ஆம் ஆண்டுக் காங்கிரசு மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் இசைக் கழகமாகிய மியூசிக் அகாதெமி எழுந்தது. ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் 2017ஆம் ஆண்டில் சென்னையை இசைக்குரிய படைப்பாக்க நகரங்களுள் ஒன்றாக அறிவித்தது. இவையெல்லாம் சீட்டு வாங்கி உள்ளே செல்லும் அரங்குகள். சீட்டு வேண்டாத கச்சேரி மாடவீதியில் நடந்து வந்தது. பாபநாசம் சிவன் மார்கழி வைகறையில் நான்கு மாடவீதிகளையும் பாடிக்கொண்டு வலம் வருவார். பின்னே அன்பர் கூட்டம் பாடி வரும். கபாலி மீதும் கற்பகவல்லி மீதும் அவர் இயற்றிய தமிழ்ப் பாடல்கள் அரங்குக்குச் செல்லும் முன் வீதியில் குளிரிலும் பனியிலும் பாடப்பட்டவை. 1973இல் அவர் மறைந்த பின்னரும் மார்கழி பசனை நின்றுவிடவில்லை.

இனித் திருக்குளம். இக்கோயிலில் இறைவன் மேற்கு நோக்கி அருள்பாலிக்கிறான். ஆதலின் அவன் திருமுன்பில் விரிந்து கிடப்பது இக்குளமே. நடுவே நீராழி மண்டபம். தைப்பூசத்தை ஒட்டி மூன்று நாள் தெப்பம். குளம் அமைந்த நிலம் ஆர்க்காட்டு நவாபு வழங்கியது என்பது வழிவழிச் செய்தி; முகரம் நாளில் இசுலாமிய அன்பர் இக்குளத்துக்கு வரும் வழக்கத்தை அதனோடு சேர்த்துக் கூறுவர். மாலையில் படிக்கட்டில் அமர்ந்து உரையாடும் முதியோர்க்கும், மீனுக்குப் பொரி இடும் குழந்தைகட்கும் இதனினும் அழகிய இடம் மாநகரில் வேறில்லை.

அத்தகைய குளம் வற்றிக் கிடந்த ஆண்டுகளும் உண்டு. காரணம் வானம் மட்டும் அன்று. பழங்காலத்தில் மாடவீதிகளிலும் அயல் தெருக்களிலும் பெய்த மழை கால்வாய் வழியே குளத்தில் சேரும். மயிலை மணற்பாங்கான நிலம். குளத்து நீர் மணலுக்குள் மெல்ல இறங்கிச் சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகளில் ஊறும். கோடையில் கிணற்று நீர்மட்டம் தாழாதவரை குளத்து நீரும் விரைவில் தாழாது. வீதியைத் தாரும் கற்காரையும் மூடின, ஓட்டு வீடுகள் அடுக்கக வீடுகளாயின, முற்றம் மறைந்தது, வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு தோண்டி உறிஞ்சினர். மழைநீர் குளத்துக்கு வரவில்லை. வந்த சிறிது நீரும் கீழே தங்கவில்லை. கடற்கரைக்கு அண்மையில் நிலத்தடி நன்னீர் குறைந்தால் உப்புநீர் உள்ளே புகும் என்னும் அச்சமும் சேர்ந்தது.

2003ஆம் ஆண்டில் தமிழகத்தில் கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. சென்னையில் அதனால் கிணறுகள் ஊறியதைப் பலரும் கண்டனர். கூரை நீரைத் தெருவுக்கு ஓடவிடாமல் மணல், சரளை இட்ட குழியில் இறக்கினால், அது அவ்வீட்டுக் கிணற்றுக்கு மட்டும் அன்றிப் பக்கத்து வீட்டுக்கும் குளத்துக்கும் சேர்த்தே பயன் தருகிறது. நிலத்தடியில் மதிற்சுவர் இல்லை. எனினும் குழியை ஒருமுறை தோண்டினால் போதும் என்று இருந்துவிட்டவர் பலர். ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே குழியைத் தூர்வாரி, மணலைக் கழுவி மாற்ற வேண்டும். கூரையைப் பெருக்கிக் குழாய் வாயில் சருகு அடையாமல் காக்க வேண்டும். செய்யாத வீட்டில் சேகரிப்பு என்பது சுவரில் ஒட்டிய குழாய் மட்டுமே. 2015 திசம்பரில் வெள்ளத்தில் மிதந்த இதே சென்னை, 2019 கோடையில் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு வண்டித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்றது. இடையில் கழிந்தவை நான்கு ஆண்டுகள்கூட இல்லை.

குளம் நிறைந்தால் தெப்பம் மிதக்கும். குளக்கரைக் காற்று குளிரும். மாலையில் மக்கள் வந்து அமர்வர். குளம் வற்றினால் நீர் மட்டும் அன்று, அமர்வோரும் இல்லாமற் போவர். படித்துறையில் குப்பை சேரும். ஆகவே மயிலையில் வீடு உடையோர் தம் கூரை நீரை நிலத்தில் இறக்குவதும் தெப்பத் திருப்பணியே ஆகும். குளத்தில் பூமாலை, எண்ணெய், எரிந்த கற்பூர எச்சம், பழந்துணி ஆகியவற்றை இடாதிருத்தல் சேவார்த்திகள் ஒவ்வொருவரும் செய்யத்தக்க எளிய தொண்டு. மீனுக்குப் பொரி இடுவதிலும் அளவு வேண்டும். மிகுந்த பொரி அழுகி நீரைக் கெடுக்கும்.

மாடவீதிகளைக் காண விரும்பும் அன்பர்கட்குச் சில சொற்கள். முதன்முறை வருபவர் அறுபத்துமூவர் நாளைத் தேர்ந்துகொள்ளாமல், ஏதேனும் ஒரு மாலையில் ஐந்து மணி அளவில் வருவது நன்று. மேற்கு வாயிலில் இருந்து குளத்தை ஒருமுறை சுற்றிப் பின் வடக்கு மாடவீதி வழியே நடந்தால், கிழக்கு மாடவீதியில் நின்று இராசகோபுரத்தை முழுமையாகக் காணலாம். தெற்கு மாடவீதியில் காய்கறிக் கடைகளுக்கு இடையே வெள்ளீசுவரர் கோயில் உள்ளது. கபாலீசுவரரை வணங்கியவர் அதனைக் கடந்து போய்விடுதல் ஆகாது. நேரம் உடையோர் வள்ளுவர் கோயிலையும், சித்திரக்குளக்கரையில் ஆதிகேசவப் பெருமாளையும், பேயாழ்வார் தோன்றிய கிணறு உள்ள இடத்தையும் கண்டு வரலாம். எல்லாம் நடந்து செல்லும் தொலைவே. பங்குனிப் பெருவிழாவுக்கு வருபவர் வாகனத்தை வீட்டிலேயே விட்டு, 1997 முதல் இயங்கும் திருமயிலைப் பறக்கும் இரயில் நிலையத்தில் இறங்கி நடந்து வருக. குழந்தைகளின் சட்டைப் பையில் பெற்றோர் தொலைபேசி எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். முதியோரை வெயில் தாழ்ந்தபின் அழைத்து வருக. உலாவைக் கிழக்கு மாடவீதி முனையில் நின்று காண்பதினும், சற்றுத் தள்ளி வடக்கு மாடவீதியின் நடுப்பகுதியில் நின்று காண்பது வசதி. அங்கே நெரிசல் சிறிது குறைவு, நீர்மோர்ப் பந்தலும் அருகில் இருக்கும்.